மட்டை, கேரம் பலகை, கம்பு: காரைக்குடியில் ஒரு ஸ்டிக்கர் கடை

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. ஊரில் பல கடைகளுக்கு போர்டு அடித்துக் கொடுக்கும் ஆள், தன் கடைக்கு ஒன்று மாட்டிக்கொள்ளவில்லை. கீழே டீக்கடையில் "மட்டைக்கு ஸ்டிக்கர் போடுற தம்பி" என்று கேட்டால் மாடிப்படியைக் கை காட்டுவார்கள். கல்யாண பேனர், கட்சி போஸ்டர், பைக் நம்பர் பிளேட் எல்லாம் செய்கிறார். ஆனால் நான் எழுத வந்தது அவர் விளையாட்டுச் சாமான்களுக்குச் செய்யும் வேலையைப் பற்றி. கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு, ஜெர்சி, சிலம்பக் கம்பு, ஃபுட்பால் எதுவானாலும் நம்ம ஊர் டிசைனைப் போட்டுத் தருகிறார். ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ, கண்டாங்கிச் சேலையின் கரை, பனையோலைக் கூடையான கொட்டானின் பின்னல் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருக்கிறார்.

நான் பள்ளியில் டிராயிங் டீச்சர். எங்கள் பள்ளி டீமுக்குச் சாமான் வாங்கும் பொறுப்பு பி.டி. சாருடையது. "டிசைன் விஷயம் நமக்கு ஓடாது, நீங்களும் வாங்க டீச்சர்" என்று அவர் கூப்பிட்டதால் போனேன். அப்புறம் வீட்டுக்கும் ஒரு கேரம் போர்டு செய்யக் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் இந்த மதிப்புரை.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சேலையின் டிசைன் அழகாக இருந்தால் போதும். விளையாட்டுச் சாமானுக்கு அது போதாது. ஆடுகிறவன் கண்ணுக்கு அது உதவ வேண்டும், குறைந்தபட்சம் குறுக்கே நிற்காமல் இருக்க வேண்டும். 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அடிடாஸ் கொண்டுவந்த டெல்ஸ்டார் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 வெள்ளை அறுகோணம், 12 கறுப்பு ஐங்கோணம். ஃபுட்பால் என்றதும் இன்றைக்கும் குழந்தைகள் வரைவது அதைத்தான், என் வகுப்பிலும் அப்படித்தான். அந்தக் கறுப்பு சும்மா அழகுக்கு வைத்ததில்லை. கறுப்பு வெள்ளை டிவியில் பந்து தெரிய வேண்டும் என்று வைத்தது. டென்னிஸ் பந்து 1972-ல் மஞ்சளானதும் கலர் டிவியில் கண்ணுக்குப் பிடிபடத்தான். விம்பிள்டன்காரர்கள் மட்டும் 1986 வரை வெள்ளையை விடவில்லை. இந்தப் பார்வையோடுதான் கடைக்காரத் தம்பியின் ஒவ்வொரு வேலையையும் பார்த்தேன். சிலவற்றில் அசத்திவிட்டார். சிலவற்றில் சேலைக்குப் போடுகிற டிசைனைத் தூக்கி அப்படியே சாமான் மேல் போட்டுவிட்டார்.

கேரம் போர்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் அதிகம் மல்லுக்கட்டினோம்.

எங்கள் வீட்டில் கேரம் ஆட்டம் என்றால் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், பாய் விரித்து நான்கு பேர் உட்கார்ந்து ஆடுவது. லீவுக்கு வரும் பிள்ளைகள், அவர்களுக்குச் சமமாகச் சண்டை போடும் என் மாமியார், போரிக் பவுடர் தீர்ந்துவிட்டால் முகப் பவுடரைக் கொட்டிவிடும் கொழுந்தனார் என்று வீடு களைகட்டும். பழைய போர்டு நடுவில் பள்ளம் விழுந்து, காய்கள் எல்லாம் தானாக அங்கே போய்ச் சேர ஆரம்பித்துவிட்டன. புதுசாக ஒன்று, நம்ம டிசைனில், என்று தம்பியிடம் சொன்னேன். மறுநாளே வாட்ஸப்பில் படம் அனுப்பினார். பலகை முழுவதும் ஆத்தங்குடிப் பூக்கல் பரப்பி, நடு வட்டத்தில் ஒரு மயில். பார்க்க அவ்வளவு அழகு. ஒரு வீட்டின் கல்யாணக் கொட்டகைத் தரையை மேலிருந்து போட்டோ எடுத்த மாதிரி.

"தம்பி, இதில் காய் எங்கே தெரியும்?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே, "தெரியும் டீச்சர், காய் பெரிசுதானே" என்றார்.

பெரிசெல்லாம் இல்லை. சர்வதேச கேரம் கூட்டமைப்பு விதிப்படி காயின் விட்டம் 3.02 சென்டிமீட்டரிலிருந்து 3.18 வரை. ஆடுதளம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம். அவ்வளவு பெரிய பலகையில் இத்தனூண்டு காய். கறுப்புக் காய் அடர்பச்சைப் பூவில் விழுந்தால் காணாமல் போய்விடும். வெள்ளைக் காய் என்று பெயர்தானே தவிர அது இளமஞ்சள் மரம், மஞ்சள் கட்டத்தில் அதுவும் காணாமல் போகும். ரெட் காய் சிவப்புப் பூவில். ஆத்தங்குடிக் கல்லின் எல்லா நிறமும் ஏதாவது ஒரு காயை விழுங்கிவிடும். வீட்டுத் தரையில் அந்தக் குழப்பம் அழகு. ஆட்டத்தில், ஓரக்கண்ணால் பார்த்து ஸ்டிரைக்கரைச் சுண்டுகிறவனுக்கு அது தலைவலி.

அடுத்தது மயில். மயில் ஒரு பக்கம்தான் நிமிர்ந்து நிற்கும். எதிரே உட்காருபவருக்குத் தலைகீழாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குப் படுத்த மாதிரி. கேரம் பலகைக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, நான்கு பக்கமும் ஆள். கால்பங்கு திருப்பினாலும் அதே மாதிரி தெரிகிற வடிவம்தான் அங்கே பொருந்தும். ஆத்தங்குடிக் கல்லில் அப்படிப்பட்ட வடிவங்கள் நிறைய. நான்கு கல்லைச் சேர்த்தால் ஒரு பூ வரும்படி செய்தவைதானே அவை. ஆக, கடைக்காரர் எடுத்த இடம் சரி, எடுத்த வடிவம்தான் சரியில்லை.

சரி, எட்டு இதழ்ப் பூ போடலாம் என்றார். அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கேரத்தில் மொத்தம் 19 காய். நடுவில் ரெட், அதைச் சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு. காய்களை நெருக்கி அடுக்கினால் வெளி வரிசையின் பன்னிரண்டும் ஒன்றுக்கொன்று சம கோணத்தில் நிற்கும். எட்டு இதழ் அதோடு ஒட்டாது. ஆறு இதழ் போட்டால் காய்க்குப் பொருந்தும், ஆனால் கால்பங்கு திருப்பினால் மாறிவிடும், நான்கு பேரில் இரண்டு பேருக்கு ஒரு பூ, மற்ற இரண்டு பேருக்கு வேறு பூ. பன்னிரண்டு இதழ் போட்டால் இரண்டு கணக்கும் தீர்ந்தது. நான்கு பக்கமிருந்தும் ஒரே பூ. ஒவ்வொரு இதழுக்கும் ஒரு காய். சின்னப் பிள்ளைகள்கூட இதழைப் பார்த்துக் காயை நேராக அடுக்கிவிடலாம். அங்கேயே காம்பஸ் வாங்கி ஒரு பழைய அழைப்பிதழின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். தம்பி அதைப் போட்டோ எடுத்து, பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் கொண்டுவந்துவிட்டார். கையில் தொழில் இருக்கிறது, மறுக்கவே முடியாது.

நிறம்? பூவுக்குள் நிறமே வேண்டாம், கோடு மட்டும் போதும் என்று முடிவானது. கோலம் மாதிரி வெறும் கோடாக, 17 சென்டிமீட்டர் வெளி வட்டத்துக்குள் அடக்கி. ஆத்தங்குடி நிறங்கள் எல்லாம் ஆடுதளத்தை விட்டு வெளியே, சுற்றியுள்ள மரச்சட்டத்துக்குப் போயின. அரக்கு, கடுகு மஞ்சள், பச்சை. சட்டத்தில் காய் மோதித் திரும்பும், அங்கே நிற்காது. அதனால் அங்கே எவ்வளவு வர்ணம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

அச்சடித்த முறையையும் சொல்ல வேண்டும். கேரம் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டினால் ஆட்டம் குளோஸ், விளிம்பில் காய் தட்டும். இவர் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து மேலே லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு அடிக்கிறார். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். இங்கேதான் ஆத்தங்குடிக் கல் இந்த வேலைக்கு எவ்வளவு தோது என்று எனக்குப் புரிந்தது. கல் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் தட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாகப் பிரித்த அதன் பள்ளங்களில் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதுதான். அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருவது. ஒரு அறைக்கு ஒரு நிறம், நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையாது. ஸ்கிரீன் பிரிண்டும் கேட்பது அதைத்தான். மூன்று நிறம், மூன்று ஸ்கிரீன், முடிந்தது வேலை. ரவிவர்மா படத்தைக் கொடுத்திருந்தால் மனிதர் திணறியிருப்பார்.

வந்த போர்டின் வெளி வட்டத்தை நகத்தால் வருடிப் பார்த்தேன், மேடு தட்டவில்லை. பவுடர் போட்டு ஸ்டிரைக்கரைக் குறுக்கும் நெடுக்கும் விட்டதில் எங்கேயும் தயங்கவில்லை. மாமியாரின் தீர்ப்பு: "காய் நல்லா ஓடுது. பூவும் இருக்கு." அவரிடமிருந்து இரண்டு வாக்கியப் பாராட்டு அபூர்வம். பலகைக்குத் தனி விலை. அச்சு, சட்ட வேலை, லாக்கர் சேர்த்து 950 ரூபாய் வாங்கினார். கொடுக்கலாம்.

இனி நிறம் பற்றிய புகார். சட்டத்தில் முதலில் அடித்துக் காட்டிய அரக்கு, அரக்கே இல்லை. கத்திரிக்காய் நிறம். போனில் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. திரையில் ஒளியாகத் தெரியும் நிறம், மையாக இறங்கும்போது மாறும் என்பது தொழில் செய்கிறவருக்குத் தெரியாததல்ல. அடுத்த முறை ஒரு கண்டாங்கிச் சேலையையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். முந்தானையை மேசையில் விரித்து வைத்து, அதன் பக்கத்தில் மையைக் கலக்கச் சொன்னேன். அப்புறம்தான் சரியான அரக்கு வந்தது. நீங்கள் போவதானால் போன் படத்தை நம்பாதீர்கள், துணியோ கல்லோ கையோடு கொண்டுபோங்கள்.

கண்டாங்கி என்றதும் ஜெர்சி ஞாபகம் வருகிறது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கப்புறம் எதிலும் கண்டாங்கிக் கட்டம் போடுவது ஒரு மோஸ்தராகிவிட்டது. பள்ளி கபடி டீம் ஜெர்சிக்கும் பையன்கள் அதையே கேட்டார்கள். உடம்பு முழுக்க அரக்கும் மஞ்சளுமாகக் கட்டம், முதுகில் வெள்ளையில் எண். தூரத்திலிருந்து பார்த்தால் 3 எது 8 எது என்று தெரியவில்லை. கட்டத்தின் குறுக்குக் கோடு எண்ணின் வளைவை அறுத்துவிடுகிறது. ரெஃப்ரி கூப்பிட முடியாத எண் எதற்கு? பி.டி. சார் நேராகவே சொல்லிவிட்டார், இதை வாங்க முடியாது என்று. கடைக்காரர் முகம் சுருங்கினாலும் மாற்றிக் கொடுத்தார். இப்போது உடம்பு முழுவதும் ஒரே அரக்கு, கையிலும் கீழ் விளிம்பிலும் மட்டும் கரை, அதில் கோபுர வரிசை. சேலையிலும் கரை ஓரத்தில்தானே இருக்கிறது. மாற்றியதற்குத் தனிக் காசு கேட்கவில்லை, அது அவரிடம் எனக்குப் பிடித்த குணம். ஒரு ஜெர்சி 380 ரூபாய். துணி சுமார்தான், வெயிலில் உடம்போடு ஒட்டுகிறது. தைப்பதும் அச்சடிப்பதும் இவரில்லை, வெளியே கொடுத்து வாங்குகிறார்.

கிரிக்கெட் மட்டைக்கு வருவோம், பையன்கள் வரிசையில் நிற்பது இதற்குத்தான். எங்கள் தலைமுறைக்கு மட்டை ஸ்டிக்கர் என்றால் ஒன்றே ஒன்று, சச்சின் மட்டையின் எம்.ஆர்.எஃப். சென்னை டயர் கம்பெனி என்பதால் நமக்கு அதில் ஒரு கூடுதல் பெருமை. 1996 உலகக் கோப்பையில் அவர் ஸ்டிக்கரே இல்லாத மொட்டை மட்டையோடு ஆடி, 523 ரன்னோடு தொடரில் முதலிடம் பிடித்தார். அதற்குப் பின்தான் அந்தச் சிவப்பு எழுத்து வந்தது. அதைப் பார்த்து, ஒன்றுமே இல்லாத உள்ளூர் மட்டையில் பெயிண்டால் எம்.ஆர்.எஃப் என்று எழுதிக்கொண்ட அண்ணன்மார்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். இப்போதைய பையன்களுக்கு அது பத்தவில்லை. டீம் பெயர், தன் பெயர், தன் ஊர் எல்லாம் மட்டையில் வேண்டும்.

தம்பி செய்த மட்டை டிசைன்களில் எனக்குப் பிடித்தது கொட்டான் பின்னல். பனையோலைக் கொட்டானின் குறுக்கு நெடுக்குப் பின்னலை எடுத்து, மட்டையின் மேல் பாதியில் நெருக்கமாக ஆரம்பித்து, கீழே வர வர அகலமாக்கி, நடுவுக்கு மேலேயே நிறுத்திவிட்டார். பந்து நன்றாகப் படும் இடம் வெறுமையாக இருக்கிறது. அது தற்செயலாக நடந்ததில்லை, கேட்டபோது விளக்கினார். பந்துபட்ட தடம் அங்கே தெரிய வேண்டும், அப்போதுதான் பையன் எங்கே அடிக்கிறான் என்று சொல்லிக்கொடுப்பவருக்குப் புரியும் என்றார். பி.டி. சார் அந்த இடத்தில்தான் இவரை மதிக்க ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன்.

எழுத்தில்தான் கோட்டைவிடுகிறார். மட்டை நீளமும் குறுகலும் ஆனது, அதனால் பெயரை மேலிருந்து கீழாக ஒவ்வொரு எழுத்தாக அடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அது சுலபம். தமிழில் 'கோ' என்பதை அடுக்கும்போது கொம்பு ஒரு வரியிலும் க ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலும் போய் நின்றால்? 'கோட்டையூர்' என்று கேட்ட பையனுக்கு அப்படித்தான் வந்தது. புள்ளிகூடத் தனியாக ஒரு வரியில் உட்கார்ந்திருந்தது. அவருக்கு ஆங்கில எழுத்தில் பழக்கம் அதிகம், கம்ப்யூட்டர் செய்வதை அப்படியே விட்டுவிடுகிறார். உயிர்மெய் எழுத்தை உடைக்காமல் ஒரே துண்டாக வைக்கச் சொல்லித் திருத்தினோம். திருத்திய பின் பார்த்தால் எழுத்துகள் செமை அழகு, குறிப்பாக 'ட்டை'. தமிழில் பெயர் கேட்பவர்கள், அச்சடிக்கும் முன் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

ஸ்டிக்கரின் பசை எங்கள் ஊர் சித்திரை வெயிலுக்குத் தாங்கவில்லை. பைக் டேங்க் மேல் மட்டையை வைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் எல்லோரும். விளிம்பு எழும்பி, அதில் செம்மண் ஒட்டி, ஒரு மாதத்தில் அழுக்குக் கோடு விழுந்துவிட்டது. முகத்தில் ஒட்டியது தப்பித்தது, ஓரத்தில் மடக்கி ஒட்டியதுதான் போனது. ஓரத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. ஒரு செட் 180 ரூபாய்.

ஒரு பையன் மட்டை முழுவதையும் கறுப்பாக்கச் சொல்லி நச்சரித்தான். அவனிடம் வெஸ்ட் இண்டீஸ் வீரர் ஆண்ட்ரே ரசல் கதையைச் சொன்னேன். 2016 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் போட்டியில் ரசல் கறுப்பு மட்டையோடு இறங்கினார். முன்னதாக அனுமதியும் வாங்கியிருந்தார். ஆனால் மட்டையின் கறுப்பு பந்தில் ஒட்டுகிறது என்று அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் கிறிஸ் கெய்ல் தங்க நிற மட்டையோடு ஆடினார், அது தப்பித்தது. 2023 கடைசியில் ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா மட்டையில் ஒரு சின்னப் புறா ஒட்டிக்கொள்ளக் கேட்டதற்கு சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி. மறுத்துவிட்டது. பெரிய ஆட்டத்தில் மட்டை என்பது இஷ்டத்துக்கு வரையும் பலகை இல்லை. தெருவில் டென்னிஸ் பந்து ஆடுகிறவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது, என்ன வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆனால் மாவட்ட அளவில் ஆட ஆசைப்படுகிற பையன் கொஞ்சம் அடக்கியே வாசிப்பது நல்லது. பையன் யோசித்துவிட்டு, கைப்பிடி ரப்பரை மட்டும் கறுப்பாக்கிக்கொண்டான்.

டேபிள் டென்னிஸ் மட்டையின் ரப்பரில் அச்சடித்துத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். 1986-லிருந்து ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு என்று விதி. இரண்டு பக்கமும் வேறு வேறு குணமுள்ள ரப்பரை ஒரே நிறத்தில் ஒட்டி எதிராளியை ஏமாற்றியதால் வந்தது அது. 2021 அக்டோபரிலிருந்து சிவப்புக்குப் பதில் பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பு போடலாம், கறுப்புப் பக்கம் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே நிறம் என்பது எதிராளிக்குக் கொடுக்கும் தகவல், அதன் மேல் பூ வரையக் கூடாது. கைப்பிடியில் ஒரு கரை போட்டுக்கொள்ளலாம், அதுவும் உள்ளங்கை வியர்வையில் போய்விடும்.

ஃபுட்பாலில் அவர் செய்தது ஒரு நல்ல யோசனை, பாதியில் நின்ற யோசனை. 32 துண்டுப் பந்தில் அந்த 12 ஐங்கோணங்களில் மட்டும் அரக்கு நிறத்தில் ஒரு ஆத்தங்குடிப் பூ. பந்து உருளும்போது சுழல்வது தெளிவாகத் தெரிகிறது, டெல்ஸ்டாரின் அதே தந்திரம். ஆனால் தைத்து முடித்த பந்தின் மேல் அடித்த பெயிண்ட் எத்தனை உதைக்குத் தாங்கும்? பூ ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டது. துண்டுகளைத் தைக்கும் முன்பே அச்சடித்தால்தான் நிற்கும், அதற்கு இவரிடம் வசதி இல்லை. பரிசு கொடுக்க, அலமாரியில் வைக்க வாங்கலாம். ஆட வாங்காதீர்கள்.

சிலம்பக் கம்புதான் கடையின் மிகச் சிறந்த வேலை என்பேன். விலையும் குறைவு, கம்பை நாம் கொடுத்தால் வர்ணத்துக்கு 60 ரூபாய். பள்ளியில் சிலம்பம் கற்கும் பெண் பிள்ளைகள் கூட்டம் பெருகிவிட்டது, எல்லோருக்கும் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. முதலில் அவர்கள் கேட்டது சுற்றிச் சுற்றி ஏறும் சுருள் கோடு, மஞ்சளும் சிவப்பும். கையில் பிடித்து நின்றால் ஜோராக இருந்தது. சுற்ற ஆரம்பித்ததும் இரண்டு நிறமும் கலந்து ஒரு கலங்கலான ஆரஞ்சு. அத்தனை வேலையும் காற்றோடு போயிற்று.

தம்பி அதைப் பார்த்துவிட்டு, தானாகவே வேறு மாதிரி செய்தார். சுருளை விட்டுவிட்டு, கம்பின் இரு முனையிலிருந்தும் உள்ளே, இடைவெளி விட்டு விட்டு முழு வளையங்கள். முனையில் மஞ்சள், அடுத்து வெள்ளை, உள்ளே சிவப்பு. இப்போது கம்பு சுழலும்போது, குளத்தில் கல் போட்ட மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் தெரிகின்றன. காரணம் எளிது. ஒவ்வொரு வளையமும் கையிலிருந்து ஒரே தூரத்தில் சுற்றுகிறது, தன் வட்டத்தை விட்டு விலகுவதில்லை, அதனால் நிறம் கலப்பதில்லை. அழகுக்கு மேல் இதில் ஒரு பயனும் உண்டு. பிடி நடுவிலிருந்து நழுவினால் இரு முனை வட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் விலகித் தெரிகின்றன. சொல்லிக்கொடுக்கும் ஆசான் தூரத்திலிருந்தே, "பிடியைப் பாரு தாயி" என்று குரல் கொடுக்க முடிகிறது. டேப் ஒட்டாமல் எனாமல் பெயிண்ட் அடித்ததும், கை பிடிக்கும் இடத்தை வர்ணமில்லாமல் விட்டதும் விவரம் தெரிந்த வேலை. வர்ணம் அடித்த இடத்தில் வியர்வைக் கை வழுக்கும்.

சேவையைப் பற்றி. சொன்ன தேதிக்கு வேலை கிடைக்காது, அதை மனதில் வைத்தே ஆர்டர் கொடுங்கள். முகூர்த்த மாதங்களிலும் கொப்புடையம்மன் திருவிழாச் சமயத்திலும் பேனர் வேலை குவிந்துவிடும், அப்போது மட்டையும் கம்பும் மூலையில் கிடக்கும். எங்கள் ஜெர்சி போட்டிக்கு முதல் நாள் ராத்திரிதான் வந்தது. போன் எடுப்பார், "ஆகிட்டு இருக்கு டீச்சர்" என்பார். ஆகிக்கொண்டிருப்பது கல்யாண பேனராக இருக்கும். மறுபக்கம், குறை சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார். மேலே நான் சொன்ன திருத்தங்களில் ஒன்றுக்குக்கூட அவர் வாக்குவாதம் செய்யவில்லை. மயிலுக்காக மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார், அதைத் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.

சுருக்கமாக, எதை வாங்கலாம் என்று கேட்டால்: சிலம்பக் கம்பைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள். கேரம் போர்டை, பக்கத்தில் உட்கார்ந்து டிசைனை முடிவு செய்ய நேரம் இருந்தால் கொடுங்கள். மட்டைக்கு முகத்தில் மட்டும். ஜெர்சிக்குத் துணி நன்றாக உள்ள வேறு இடம் பார்த்துவிட்டு, டிசைனை மட்டும் இவரிடம் வரைந்து வாங்கிக்கொள்ளலாம்.

மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே கூப்பிட்டால் இறங்கி வருவார். வண்டி நிறுத்தச் சந்துக்குள் இடமில்லை, மெயின் ரோட்டிலேயே விட்டுவிடுங்கள். முன்பணம் பாதி, ஜிபே உண்டு. வேலை முடிந்ததும் டிசைன் ஃபைலைப் பென்டிரைவில் கேட்டு வாங்கிவிடுங்கள், கேட்டால் தருகிறார். அவருடைய கம்ப்யூட்டரில் எல்லா ஃபைலுக்கும் 'நியூ 1', 'நியூ 2' என்றுதான் பெயர், அடுத்த வருஷம் போய்க் கேட்டால் தேடி எடுக்க அவராலேயே முடியாது.